வைல்ட்பீஸ்ட் கன்னு போடுற சீசனுக்கு டான்சானியா போறீங்களா? எங்க தங்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வைல்ட்பீஸ்ட்னா மாடு மாதிரி இருக்குற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு. அது கன்னு போடுறத பாக்க ரெண்டு தடவை போய்ட்டு வந்தாச்சு. முதல் தடவை ஒரு கன்னு பொறக்குறதக்கூட பாக்காம திரும்புனோம். ரெண்டாவது தடவை ஒரே காலைல மூணு. ரெண்டு தடவையும் அதே பிப்ரவரி, அதே மாதிரி வண்டி, மாறுனது தங்குன இடம் மட்டும்தான். அதனால இந்த பதிவுல அந்த ஒரு விஷயத்த கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

படி 1: தேதி

ஜனவரி கடைசில இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் சீசன், பிப்ரவரிதான் உச்சம். சுமார் 4 லட்சம் கன்னு பொறக்குது, அதுல பெரும்பகுதி ரெண்டு மூணு வாரத்துக்குள்ளயே. இத்தன கன்னு ஒண்ணா தரைல விழுந்தா சிங்கம், கழுதைப்புலி எவ்ளோ தின்னாலும் மிச்சம் பொழச்சுக்கும், அதுதான் கணக்கு. வைல்ட்பீஸ்ட் கூட்டம் முதலைக்கு நடுவுல மாரா ஆத்த தாண்டுற காட்சி வேற சீசன், ஜூலைல இருந்து அக்டோபர், அது செரங்கெட்டி தேசியப் பூங்காவோட வடக்கு ஓரம். ரெண்டையும் ஒரே ட்ரிப்ல கேக்காதீங்க.

படி 2: எடம் (நான் தப்பு பண்ணது இங்கதான்)

முதல் தடவை ப்ளான்ல "செரங்கெட்டி 3 இரவு"ன்னு போட்டிருந்துச்சு, சரின்னு பணம் கட்டிட்டேன். அங்க போனா கேம்ப் இருந்தது செரோனேரால, அதாவது பார்க்கோட நடு. வைல்ட்பீஸ்ட் கூட்டம் இருந்தது தெக்க, எண்டூட்டு பக்கம். நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல தூக்கித் தூக்கிப் போடுற மண் ரோடு. காலைல 6 மணிக்கு முன்னாடி வண்டி எடுக்க முடியாது, சாயங்காலம் 6-க்குள்ள திரும்பிடணும், அப்போ நாங்க போய் சேரும்போது வெயில் ஏறிடுச்சு, பொறந்த கன்னெல்லாம் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு. பெரும்பாலும் காலைலதான் கன்னு போடும், அந்த நேரம் பூரா நாங்க ரோட்டுல.

இன்னொண்ணு, எண்டூட்டுல பெரும்பகுதி செரங்கெட்டி பார்க்குக்குள்ள இல்ல, ங்கொரொங்கோரோ பாதுகாப்பு பகுதில இருக்கு. ரெண்டுக்கும் நிர்வாகம் வேற, கட்டணம் வேற. வெளிநாட்டு பெரியவங்களுக்கு தலைக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலருக்கு மேல, ரெண்டு பக்கமும் தனித்தனியா. செரோனேரால தங்கிட்டு எண்டூட்டு போய் வந்தா ரெண்டு பக்கமும் கட்டணும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு.

இதுல நல்ல விஷயமும் இருக்கு. எண்டூட்டு பக்கம் பாதைய விட்டு புல்லுல வண்டி ஓட்ட அனுமதி உண்டு, செரங்கெட்டி எல்லைக்குள்ள கெடையாது. நடுவுல வேலி எதுவும் இல்ல, ட்ரைவருக்குத்தான் தெரியும், அதனால "இன்னும் கொஞ்சம் போங்க அண்ணா"ன்னு அவர நச்சரிக்காதீங்க.

ஆக, ஏஜென்ட்ட கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: "கேம்ப் எண்டூட்டு ஏரிக்கும் மசேக் ஏரிக்கும் பக்கத்துலயா?" ஆமான்னா மட்டும் அட்வான்ஸ் குடுங்க. இடம் மாத்தி மாத்திப் போடுற டென்ட் கேம்ப் நெறைய இருக்கு, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் இங்க, ஜூலைக்கு மேல வடக்க. என் சாய்ஸ் அதுதான், ராத்திரி டென்ட்டுக்குள்ள படுத்தா கூட்டம் "ங்ங்..."ன்னு முனகுற சத்தம் கேக்கும்.

கொறஞ்சது 3 ராத்திரி அங்கயே இருங்க. மழை தள்ளிப் போனா கூட்டமும் நகந்துடும். எரிமலைச் சாம்பல் படிஞ்ச மண்ணு, அதுல மொளைக்கிற குட்டைப் புல்லுல கால்சியம், பாஸ்பரஸ் ஜாஸ்தி, பால் குடுக்குற தாய்க்கு அது வேணும். மழை பெஞ்சாத்தான் அந்தப் புல்லு, புல்லு இருந்தாத்தான் கூட்டம்.

படி 3: பேப்பர் வேலை

ஈ-விசா ஆன்லைன்லயே ஆயிடும், 50 டாலர். இறங்க வேண்டிய ஏர்போர்ட் கிளிமஞ்சாரோ, அங்கிருந்து அருஷா, அப்புறம் கராட்டு வழியா ஒரு முழு நாள் ரோடு. ங்கொரொங்கோரோ க்ரேட்டருக்குள்ள (பெரிய எரிமலைப் பள்ளம்) இறங்கணும்னா வண்டிக்கு தனியா 250 டாலருக்கு மேல, அது பேக்கேஜ்ல சேந்திருக்கான்னு பாருங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசிய லேசா எடுத்துக்காதீங்க. அடிஸ் அபாபா, நைரோபி வழியா போற டிக்கெட்தான் பெரும்பாலும் கெடைக்கும். அங்க 12 மணி நேரத்துக்கு மேல நின்னா டான்சானியால ஊசி போட்டதுக்கான அட்டை கேப்பாங்க. திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் கேப்பாங்க, இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா வைக்கலாம். போட்டு 10 நாள் கழிச்சுதான் செல்லும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. 60 வயசுக்கு மேலன்னா முன்னாடியே டாக்டர்ட்ட பேசுங்க, மலேரியா மாத்திரையும் அப்பவே கேட்டுடுங்க.

படி 4: பை

பிளாஸ்டிக் கவர் கொண்டு போகாதீங்க, 2019 ஜூன்ல இருந்து அங்க தடை. கேமராவ புழுதில இருந்து காப்பாத்த தலையணை உறை போதும். ட்ரைபாட் வேண்டாம், வண்டிக்குள்ள விரிக்க எடமே இல்ல. காலி துணிப்பை எடுத்துட்டுப் போய் அருஷா மார்க்கெட்ல பீன்ஸ் வாங்கி ரொப்பி ஜன்னல்ல வச்சு லென்ஸ சாய்ச்சுக்கோங்க. பைனாகுலர் 8x42, ஆளுக்கு ஒண்ணு, இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. நீலம், கருப்பு சட்டை வேண்டாம், செட்ஸி ஈ தேடி வந்து கடிக்கும்.

சைவம் சாப்புடுறவங்க கவலப்பட வேண்டாம், அங்கயும் சப்பாத்திக்கு பேரு சப்பாத்திதான், முன்கூட்டி சொன்னா பீன்ஸ் கொழம்பு, சோறு செஞ்சு தருவாங்க.

படி 5: அங்க போனதும்

கூட்டத்த விட்டு ஒதுங்கி, படுத்து எந்திரிச்சு படுத்து எந்திரிச்சு நிக்கிற பொட்ட வைல்ட்பீஸ்ட தேடுங்க. பின்னாடி கன்னோட ரெண்டு குளம்பு வெளிய தெரிஞ்சா இன்னும் கொஞ்ச நேரம்தான். தூரத்துலயே இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நாங்க பாத்த முதல் கன்னு நாலு தடவ விழுந்து அஞ்சாவது தடவ நின்னுச்சு, பத்து நிமிஷம்கூட ஆகல. நஞ்சுக்கொடிக்கு கழுகு அதுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. எங்க வண்டில யாரும் பேசல.

(பின்சேர்க்கை) இத படிச்சுட்டுப் போய்ட்டு வந்த ஒருத்தர், ஒரு கன்னு தாய விட்டு அவங்க வண்டி பின்னாடியே ஓடி வந்துச்சுன்னு எழுதியிருந்தார். இது நடக்குறதுதான். பொறந்த கொஞ்ச நேரத்துல எது நகந்தாலும் தாய்னு நெனச்சு பின்னாடி போகும். கிட்ட போய் தாய வெரட்டிட்டா அந்தக் கன்னு கழுதைப்புலிக்குத்தான். அதனால கன்னு எந்திரிச்சு பால் குடிச்சு, தாயும் கன்னும் சேந்து நடந்து போற வரைக்கும் சாவியத் தொட வேண்டாம்னு ட்ரைவர்ட்ட காலைலயே சொல்லி வச்சுடுங்க.