சென்னையில் ஹாம் ரேடியோ: செட் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது. அந்த ஆசை வந்தவுடன் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியை ஒரு ஆறு மாதம் ஓரமாக வையுங்கள். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்வது சட்டப்படி குற்றம், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற சீன வாக்கி டாக்கிக்கும் இது பொருந்தும். பேசுவதற்கு முன்னால் கேட்கப் பழகுங்கள், அதற்குச் செலவே இல்லை.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2008-லேயே ஒரு ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெப்எஸ்டிஆர் (WebSDR) என்று தேடினால் வந்துவிடும், பிரவுசரிலேயே டயலைத் திருப்பலாம். இதே மாதிரி இணைய ரிசீவர்களைக் காட்டும் கிவி எஸ்டிஆர் (KiwiSDR) வரைபடத்தில் நம் பக்கத்து நாடுகளின் ரிசீவர்களும் கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் எல்எஸ்பி (லோயர் சைட் பேண்ட்), 14-இல் யுஎஸ்பி (பென்டிரைவ் யுஎஸ்பி இல்லை, அப்பர் சைட் பேண்ட்) என்று வைத்துக் கேளுங்கள். மாற்றி வைத்தால் பேச்சு குழறும், ஒரு சொல்லும் புரியாது. சாயங்காலம் இருட்டியதும் 7 மெகாஹெர்ட்ஸ் தூரத்து ஊர்களுக்குத் திறக்கும், பகலில் 14-க்கும் அதற்கு மேலேயும் போங்கள். இரண்டு வாரம் கேட்டாலே க்யூஎஸ்ஓ (தொடர்பு), க்யூஆர்எம் (மற்ற நிலையங்களின் இடையூறு), க்யூடிஎச் (இருக்கும் இடம்) மாதிரிச் சுருக்கச் சொற்கள் எல்லாம் தானாகப் பழகிவிடும். லைசென்ஸ் பரீட்சையிலும் இவற்றைக் கேட்கிறார்கள்.

அடுத்தது கிளப். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது, சுருக்கமாக மார்ஸ். தேசிய அளவில் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா, ஹைதராபாத்தில் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோ. கிளப்பே இல்லாமல் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாதா என்றால், முடியும்தான். ஆனால் உங்கள் தெருவில் ஆன்டெனா எப்படி நிற்கும், எந்தக் கடையில் கேபிள் போலி என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. அவசர நேரத்தில் செய்தி அனுப்பும் பழக்கமும் ஆட்களோடு சேர்ந்துதான் வரும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகவே போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி வேலை செய்யாமல் போனதும், அதே செட்டை வைத்து நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்பினார்கள்.

லைசென்ஸுக்கு 12 வயது நிறைந்தால் போதும். மத்திய அரசின் டபிள்யூபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவுதான் கொடுக்கிறது, சரல் சஞ்சார் இணையப் போர்ட்டலில் விண்ணப்பம். சென்னையில் பரீட்சை நடத்தும் வயர்லெஸ் மானிட்டரிங் நிலையம் இருப்பது பெருங்குடியில். முதல் தடவை ரெஸ்ட்ரிக்டெட் கிரேடே எழுதுங்கள், மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) கிடையாது, தேறினால் வியூ3 (VU3) என்று தொடங்கும் கால்சைன், அதாவது ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயர். ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் உண்டு, அது வியூ2. பரீட்சையில் எலக்ட்ரானிக்ஸ் ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ஓம் விதி, எல்சி ரெசொனன்ஸ், அலைநீளக் கணக்கு, இவ்வளவும் பிளஸ் டூ இயற்பியல்தான். இன்ஜினியரிங் படித்தவர்கள் வழுக்குவது விதிமுறைப் பகுதியில், ஏனென்றால் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கால்சைன் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், அப்புறம் என்ன, அதுவரைக்கும் கையால் செய்கிற வேலை நிறைய இருக்கிறது.

முக்கியமான வேலை ஆன்டெனா. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி நீளும் அரை அலை டைபோலுக்குக் கணக்கு சுலபம்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.2-க்கு சுமார் 10 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 5. 7.1-க்கு 20 மீட்டர், இங்கேதான் இடிக்கும். அரை கிரவுண்டு வீட்டு மொட்டை மாடி 30க்கு 40 அடி என்றால் குறுக்காக அளந்தாலும் 15 மீட்டர்தான். நடுவில் கம்பு நட்டு, இரண்டு கையையும் சரித்து, நுனியைக் கைப்பிடிச் சுவர் தாண்டித் தொங்கவிட்டால் சமாளிக்கலாம், ஆனால் டிரான்ஸ்மிட் செய்யும்போது யார் கையும் நுனியில் படக்கூடாது. பார்க்கத் துணி காயப்போடும் கொடி மாதிரி இருப்பதால் அசோசியேஷன் செயலாளர் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார், இருந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். செம்புக் கம்பி, ஆர்ஜி-58 கேபிள், கனெக்டர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று கனெக்டரைத் தின்றுவிடும், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் வருமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செட்டிலிருந்து மட்டுமல்ல, வீட்டுக்கு வெளியிலேயே. இரைச்சல் அதிகமா? பேட்டரி ரேடியோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் மலிவு எல்இடி பல்பு, இல்லாவிட்டால் இன்வெர்ட்டர்.

காத்திருக்கும் நேரத்துக்கு இன்னொன்று, ஆர்டிஎல்-எஸ்டிஆர் (RTL-SDR) டாங்கிள், கணினியில் செருகும் சின்ன ரிசீவர். பக்கத்துக்கு 53 செ.மீ. கம்பி இரண்டை 120 டிகிரி விரித்து வைத்தால் ரஷ்யாவின் மீட்டியார் வானிலைச் செயற்கைக்கோள் 137.9 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படத்தை சாட்டம்ப் (SatDump) மென்பொருளில் பிடிக்கலாம். பழைய குறிப்புகள் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களைத் தேடச் சொல்லும், அவை 2025-இல் ஓய்வுபெற்றுவிட்டன. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800-இல் சில சமயம் படம் அனுப்பும், போனில் ரோபோ36 செயலி போதும். டாங்கிள் கையில் இருக்கிறது என்பதற்காகப் போலீஸ், விமான அலைவரிசைப் பக்கம் போகாதீர்கள்.

சால்டரிங் பிடிக்குமானால் பிட்எக்ஸ் (BITX). ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே செட்) இது, உள்ளூரில் கிடைக்கும் பாகங்களை மனதில் வைத்தே வரைந்தது. ஆரம்ப வடிவத்தில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தியிருக்கிறார்! ஆனாலும் கட்டி முடித்ததும் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) சோதிப்பதோடு நிறுத்துங்கள், ஆன்டெனாவில் போடுவது கால்சைன் வந்த பிறகுதான்.

சரி, கால்சைன் வந்தாயிற்று, இப்போது செட். புதிதாக வாங்குவதைவிட கிளப்பில் யாராவது விற்கிறார்களா என்று கேளுங்கள், அவர் வீட்டிலேயே ஆன் செய்து ஒருவரோடு பேசிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். 100 வாட் செட் என்றால் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் பவர் சப்ளை வேண்டும். விலை பேசும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.