ஆக்சலாட்டலுக்கு என்ன நோய் என்று முடிவுகட்டும் முன்: நம் கொங்குப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவுளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, நாலு நாளாகச் சாப்பிடவில்லை, மேலேயே மிதக்கிறது. ஆக்சலாட்டல் வளர்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான். கேட்ட அரை மணி நேரத்தில் யாராவது ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் தொட்டிக்குள் ஒரு மருந்து இறங்கியிருக்கும். நடுவில் தண்ணீரை ஒருவரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இதற்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. ஆக்சலாட்டல் மீன் இல்லை, சாலமாண்டர் வகை, அதாவது தவளையைப் போன்ற ஈரிட வாழ்வி, ஆனால் வால் உண்டு. செவுளால் மட்டுமல்லாமல் தோலாலும் மூச்சு விடும். தண்ணீரில் கலந்திருப்பது எதுவாக இருந்தாலும் அந்தத் தோல் வழியே உள்ளே போகும். அதனால் நோயைத் தேட வேண்டிய முதல் இடம் தெர்மாமீட்டர், இரண்டாவது இடம் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட், உடம்பு அதற்கப்புறம்தான்.

வெப்பத்தைக் காலையில் மட்டும் பார்ப்பது

இதன் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தின் தென்புறத்தில் உள்ள சோச்சிமில்கோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம்தான். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் நன்றாக இருக்கும், 20 வரை சமாளிக்கும், 24-ஐத் தாண்டி அப்படியே நின்றால் உடம்பு கெடத் தொடங்கும். ஊட்டியில் வளர்த்தால் பாதிக் கவலை இல்லை. நாம் இருப்பதோ கரூரிலும் ஈரோட்டிலும்.

காலை ஆறு மணிக்குப் பார்த்த அளவை வைத்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடுவதில் அர்த்தமில்லை. மாலை மூன்று, நான்கு மணி அளவுதான் உண்மையைச் சொல்லும். வெப்பம் ஏறினால் பசி போகும், செவுள்கள் முன்பக்கம் வளையும், அமைதியில்லாமல் சுற்றும், பிறகு பூஞ்சையும் வரும். இதே அறிகுறிகள் வேறு பத்துக் காரணங்களாலும் வரும் என்பதால், மாலை வெப்பம் தெரியாமல் வேறெதையும் யோசிப்பது வீண்.

வெப்பத்தைக் குறைக்கச் செய்யும் வேலையே சில சமயம் நோயாக மாறும். ஐஸ் பாட்டிலைப் போட்டு ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரி இறக்கினால், அது உருகியதும் மறுபடி எட்டு டிகிரி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் தொடர்ந்த வெப்பத்தைவிட மோசம். மேலே ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்புகள் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவுக்குப் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்தில் தொட்டிக்குள் வேறு ஒரு தண்ணீர் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய் மாலையில் வரும் நாளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஃபில்டரும் சேர்ந்து நின்ற மறுநாள் ஆக்சலாட்டல் சோர்ந்து கிடந்தால் அதற்குப் புதிய நோய் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் விடுவது

நம் பக்கம் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. சிறுவாணி, பில்லூர், ஆழியாறு, காவிரி என்று குழாயில் வரும் நல்ல தண்ணீர் ஒன்று, போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீர் இன்னொன்று. இரண்டும் இரண்டு விதமாகத் தொட்டியைக் கெடுக்கும். நான் பார்த்த அளவில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான்.

சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீரில் கார்பனேட் குறைவு. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகும். அதைச் சமன்செய்வது கார்பனேட். அது தீர்ந்ததும் பிஎச், அதாவது அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு, சரியத் தொடங்கும். ஆறுக்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது பெரும்பாலும் அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். ஆக்சலாட்டல் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது நல்ல தண்ணீர் வர நாளாகிறது என்று வையுங்கள். தொட்டி அழுக்காகத் தெரிகிறது, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறோம். அதன் பிஎச் எட்டை ஒட்டி இருக்கும். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு வடிவ அம்மோனியாவின் பங்கு சுமார் 10 மடங்காகும். வெப்பம் கூடினாலும் அந்தப் பங்கு கூடும். சும்மா கிடந்த அம்மோனியா ஒரே மணி நேரத்தில் விஷமாகிவிடும். மறுநாள் தோல் சிவந்து, சளி மாதிரி வழவழப்பு கூடி, செவுள் வளைந்து கிடக்கும். 'தண்ணீர் மாற்றியதால்தான் நோய் வந்தது' என்று தோன்றும், இனிமேல் மாற்றவே கூடாது என்றும் தோன்றும். உண்மையில் பல வாரங்களாக மாற்றாமல் விட்டதன் விளைவு அது. மென்மையான தண்ணீர் வைத்திருப்பவர்கள் அம்மோனியாவோடு பிஎச்சையும் கார்பனேட் கடினத்தன்மையையும் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் இந்த நிலைமையே வராது.

கடினமான தண்ணீர் என்றாலே கெட்டது என்பதும் தவறான எண்ணம். ஆக்சலாட்டலுக்கு ஓரளவு கடினத்தன்மை பிடிக்கும், 7.4 முதல் 7.6 வரை பிஎச் நல்லது. சிக்கல் வேறு இடத்தில். விவசாயம் நடக்கும் பகுதிகளில் உரம் இறங்கி, போரிலிருந்து வரும்போதே நைட்ரேட் இருக்கலாம். போர்த் தண்ணீரையே ஒருமுறை சோதிக்காமல், தொட்டியில் நைட்ரேட் ஏறுகிறது என்று தினமும் அதே தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் எப்படிக் குறையும்? ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. அதில் தாது எதுவும் மிஞ்சாது. போர்த் தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம்.

தொட்டியில் இருக்க வேண்டிய அளவு: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இருபது பங்கு) பக்கம். இதைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகை கிட்டில் பாருங்கள், காகிதப் பட்டை அவ்வளவு நம்பகமில்லை. 'தண்ணி தெளிவாத்தானுங்க இருக்கு' என்பது சோதனை ஆகாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

நோயே இல்லாததை நோய் என்பது

வெள்ளை நிற ஆக்சலாட்டலுக்குப் பருவம் வந்ததும் விரல் நுனி கறுக்கும். அழுகல் இல்லை. ஆணுக்கு வாலின் அடியில், மலத்துவாரத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் வீங்கித் தெரியும். கட்டி இல்லை. முட்டை சுமக்கும் பெண்ணின் வயிறு உருண்டு நிற்கும். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், நுரையீரலும் இருக்கிறதே. வெள்ளை நிறத்தில் இருப்பவற்றுக்கு வயதாக ஆக முகத்தில் புள்ளிகள் வரலாம். மெல்லிய சவ்வாகத் தோல் உரிவதும் வழக்கம்தான். ஊதா எல்இடி வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை வைத்து 'சிவந்திருக்கிறது', 'வெளிறியிருக்கிறது' என்று யாரும் சொல்லவே முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மிதப்பதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: நினைத்தால் கீழே போக முடிகிறதா? முடிந்தால் காத்திருக்கலாம். முயன்றும் போக முடியாமல், பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு தவித்தால் காற்று, மலச்சிக்கல் அல்லது விழுங்கிய கல் என்று யோசிக்க வேண்டும். தொட்டியில் கூழாங்கல் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இது வாயைத் திறந்து உறிஞ்சித்தான் சாப்பிடும், கல்லும் கூடவே போகும். எக்ஸ்ரேயில் கல் தெரியும்.

சாப்பிடவில்லை என்பதற்கு நம் பக்கம் ஒரு தனிக் காரணம் உண்டு. மண்புழு உரம் தயாரிக்கும் இடங்களில் எளிதாகப் புழு கிடைக்கிறது. அங்கே வளர்க்கும் சிவப்புப் புழுவில் ஒரு வகை தொல்லைப்பட்டால் கசப்பான, வாடை அடிக்கும் திரவத்தை விடும். ஆக்சலாட்டல் வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். பார்ப்பவருக்கு 'பசியே இல்லை' என்று படும். வேறு புழுவைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பசியைப் பற்றிப் பேச வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோப்பில் தோண்டிய புழு வேண்டவே வேண்டாம். வளர்ந்த ஆக்சலாட்டல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டாலே போதும், அதனால் இரண்டு நாள் பட்டினிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மருந்தில் தொடங்குவது

செவுளில் பஞ்சு போல வளர்ந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வரும் ஒரு பாக்டீரியாத் தொற்றும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது. இரண்டுக்கும் பொதுவாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பில், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரில் தனியாக வைத்து, தினமும் அதே வெப்பமுள்ள தண்ணீரைக் கொண்டு முழுவதையும் மாற்றுவது. இது சிகிச்சை மட்டுமல்ல, சோதனையும்கூட. டப்பில் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிட்டால் கோளாறு தொட்டியில் இருக்கிறது. தெளியாவிட்டால்தான் உடம்பைத் தேட வேண்டும். இவ்வளவு செலவில்லாத பரிசோதனையை விட்டுவிட்டு ஏன் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

மீனுக்குக் காயம் பட்டால் மஞ்சள் தூள் போடும் பழக்கம் இங்கே உண்டு. ஈரோட்டுக்காரர்களிடம் மஞ்சளைக் குறை சொல்வது ஆபத்து, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தூள் செவுள் இழைகளில் போய் அப்பிக்கொள்ளும், ஆக்சலாட்டலுக்கு வேண்டாம். தொட்டியில் ஒரு பிடி கல் உப்பைப் போட்டு அப்படியே விடுவதும் வேண்டாம். செம்பு, மாலகைட் கிரீன் கலந்த மீன் மருந்துகள் இதன் தோலுக்கு நஞ்சு, பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப்போகும். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சுலபமாகக் கிடைக்கும். பண்ணைக் கோழிகளுக்கென்று தயாரித்ததை நூறு இருநூறு கிராம் எடையுள்ள உயிருக்குக் குத்துமதிப்பாகக் கொடுப்பது கொலைக்குச் சமம். ஆக்சலாட்டலை டப்போடு ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியத்தையும் முதல் நாளே கையில் எடுக்காதீர்கள். 28 டிகிரியிலிருந்து நேராக 6 டிகிரிக்குத் தள்ளினால் அந்த அதிர்ச்சியே போதும்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. வயிற்றிலும் கால்களிலும் சிவப்புத் திட்டு பரவுவது, உடம்பு முழுக்க நீர்கோத்து வீங்குவது, தோலில் புண் விழுவது, குடல் வெளியே தள்ளுவது. இவற்றுக்கு டப்பில் வைத்துவிட்டு அன்றே டாக்டரைத் தேடுங்கள். கால்நடை டாக்டர்கள் எல்லாரும் சாலமாண்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் முதலில் போனில் கேளுங்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது சோதித்த தண்ணீர் அளவுகள், மாலை வெப்பம், கடைசியாகத் தண்ணீர் மாற்றிய தேதி, அது குழாய்த் தண்ணீரா போர்த் தண்ணீரா என்பது, போட்ட மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மிதப்பதையும் நடப்பதையும் சின்ன வீடியோவாக எடுத்து வையுங்கள், மேசைமேல் அது அப்படிச் செய்து காட்டாது. தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் டப்பை வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்றை வைத்து, விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். பங்குனி வெயிலில் பதினொரு மணிக்குக் காரில் ஏற்றினால், டாக்டர் பார்க்கப்போவது வழியில் வந்த நோயைத்தான்.