ஆரக்கிள் பார்க்குக்குப் போகும் வழியில் செய்யக்கூடாத தவறுகள்

சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க் மைதானத்தில் ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போவதாக யாராவது சொன்னால், எந்த வரிசையில் சீட் என்று நான் கேட்பதில்லை. எப்படிப் போகப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். "கார்லதான், வேற எப்படி?" என்று பதில் வந்தால் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

நாங்களும் முதல் தடவை காரில்தான் போனோம். வெள்ளிக்கிழமை மாலை, சன்னிவேலிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு. 280 நெடுஞ்சாலை கிங் தெருவில் வந்து முடியும் இடத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. மைதானத்தின் விளக்குகள் கண்ணெதிரே தெரிகின்றன, உள்ளேயிருந்து கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது, கார் மட்டும் நகரவில்லை. நிறுத்த இடம் தேடி, நடந்து, பரிசோதனை முடிந்து சீட்டில் உட்காரும்போது ஒன்பது இன்னிங்ஸில் நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் பாதித் தூக்கத்தில் இருந்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, கொஞ்சம் தாமதமானால் என்ன, ஆட்டம் நீளமாகத்தானே போகும் என்ற நினைப்பு உண்டு. பேஸ்பாலில் அது இப்போது செல்லாது. 2023-இல் பந்து வீச நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் போய்க்கொண்டிருந்த சராசரி ஆட்டம் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் போச்சு.

கார் ஏன் சரிப்படாது என்பதற்கு இந்த மைதானம் கட்டப்பட்ட விதமே காரணம். 1999 வரை ஜயன்ட்ஸ் ஆடியது நகரத்தின் தென்கோடியில் இருந்த கேண்டில்ஸ்டிக் பார்க்கில். அங்கே சுற்றிலும் பெரிய கார் நிறுத்துமிடம் இருந்தது. 2000-இல் திறந்த இந்தப் புது மைதானத்தை நகர மையத்தை ஒட்டி, கடல் நீரை ஒட்டி, நெருக்கமான தெருக்களுக்கு நடுவே கட்டினார்கள். ஏறக்குறைய 41,000 பேர் உட்காரலாம், ஆனால் பக்கத்தில் கார் விடும் இடம் மிகக் குறைவு. ரயில், ட்ராம், படகு, நடை என்று எல்லா வழியிலும் ஜனங்கள் வந்து சேருவார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் பயணம் சுகமாக இருக்கும்.

கட்டாயம் கார்தான் என்றால், நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். தெரு மீட்டரை நம்பாதீர்கள். ஆட்ட நாட்களில் சுற்றுவட்டாரத்தில் கட்டணம் வழக்கத்தைவிட அதிகம், இரவிலும் ஓடும். பின்சீட்டில் ஒரு பை, ஒரு சார்ஜர்கூட வெளியே தெரியும்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த ஊரில் கார் கண்ணாடியை உடைக்க அது போதும்.

சரி, ரயிலில் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள் செய்யும் தவறுகளுக்கு வருவோம். இவைதான் எனக்கு அதிகம் கவலை தருபவை, ஏனென்றால் இவர்கள் சரியான முடிவெடுத்தும் தவிக்கிறார்கள்.

ஃப்ரீமாண்ட், ஓக்லாண்டு பக்கத்திலிருந்து வருபவர்கள் பார்ட் ரயிலில் ஏறுவார்கள். பார்ட் மைதானத்துக்குப் போகாது. எம்பார்கடெரோ நிலையத்தில் இறங்கி, மேல் தளத்தில் ஓடும் மியூனி என்ற நகர ட்ராமுக்கு மாற வேண்டும். எந்த ட்ராம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் (N), டி (T) இரண்டு லைனும் அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். ஒருகாலத்தில் அது சரிதான். 2023 ஜனவரியில் டி லைனின் பாதையை மாற்றிவிட்டார்கள். இப்போது அது சைனாடவுனிலிருந்து யூனியன் ஸ்கொயர் வழியாகப் புதிய சுரங்கப்பாதையில் நேராக நான்காவது தெருவுக்கு வந்துவிடுகிறது. எம்பார்கடெரோ பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

போன கோடையில் அந்த நடைமேடையில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா கையில் அச்சடித்த காகிதம், அதில் டி என்ற எழுத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். கண்ணெதிரே இரண்டு 'என்' ட்ராம்களை விட்டுவிட்டார்கள். பேச்சு காதில் விழுந்து, தமிழ் என்று தெரிந்ததும் பக்கத்தில் போய், "சார், மேட்சுக்கா? டி இங்க வராது, அடுத்த என்ல ஏறிடுங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் காகிதத்தையே நம்புவதா என்னை நம்புவதா என்று யோசித்தார். அப்புறம் எல்லோரும் சேர்ந்தே ஏறினோம்.

ஆக, எம்பார்கடெரோவில் இறங்கினால் 'என்' லைன், கால்ட்ரெயின் என்ற புறநகர் ரயிலின் நிலையம் நோக்கிப் போகும் திசையில். இரண்டாவது தெருவும் கிங் தெருவும் சேரும் நிறுத்தத்தில் இறங்கினால் மைதானச் சுவர் எதிரிலேயே நிற்கும். மில்பிரே, டேலி சிட்டி பக்கத்திலிருந்து பார்ட்டில் வருபவர்களுக்கு பவல் நிலையம் முதலில் வரும். அவர்கள் அங்கே இறங்கி, அதோடு இணைந்த யூனியன் ஸ்கொயர் நிலையத்தில் டி லைனைப் பிடிக்கலாம். ஆனால் அந்த ட்ராம் நிலையம் பூமிக்கடியில் நல்ல ஆழத்தில் இருக்கிறது. நடைபாதை, எஸ்கலேட்டர் என்று மாறவே சில நிமிடம் பிடிக்கும். முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் யோசிப்பதே இல்லை: நடை. எம்பார்கடெரோ நிலையத்திலிருந்து கடலோரமாக, பே பிரிட்ஜுக்கு அடியில் நுழைந்து போனால் இரண்டு கிலோமீட்டர்தான். சமதளம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்தப் பாதை முழுக்க ஜயன்ட்ஸ் ரசிகர்களின் ஆரஞ்சு, கறுப்புச் சட்டைகள். நெரிசலான ட்ராமில் பிதுங்குவதைவிட என் பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் சன்னிவேல், மவுண்டன் வியூ பக்கத்துக்கு கால்ட்ரெயின்தான் சரி. கடைசி நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடக்கும் தூரம். 2024 செப்டம்பரில் மின்சார ரயில்கள் வந்த பிறகு வார இறுதியிலும் அரை மணிக்கு ஒரு வண்டி உண்டு. இங்கே நடக்கும் தவறு, பயணக் கட்டணம் கட்டும் க்ளிப்பர் கார்டில். பார்ட் நிலையங்களில் தடுப்புக் கதவு இருப்பதால் கார்டைத் தட்டாமல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. மியூனியில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். கால்ட்ரெயின் நிலையங்களிலோ அந்தக் கதவும் கிடையாது, வண்டிக்குள் டிக்கெட் விற்பதும் கிடையாது. ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் கருவியில் ஒரு முறை, இறங்கியதும் இன்னொரு முறை நாமாகத் தட்ட வேண்டும். முதலாவதை மறந்தால் பரிசோதகரிடம் மாட்டுவோம். இரண்டாவதை மறந்தால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டத்தோடு ஓடும்போது மறப்பது இந்த இரண்டாவதைத்தான். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும் என்பதையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் அட்டவணையில் இன்னொன்றையும் பாருங்கள். மைதானத்தை ஒட்டிப் போகும் மூன்றாவது தெருவில் இன்னும் தெற்கே, டி லைனிலேயே, சேஸ் சென்டர் என்ற உள்ளரங்கம் இருக்கிறது. வாரியர்ஸ் அணியின் கூடைப்பந்து ஆட்டமோ பெரிய கச்சேரியோ அதே மாலையில் இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே ட்ராமில் ஏறும். அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதுதான் வழி.

"சிலைக்கிட்ட நிக்கிறேன், வந்துடுங்க" என்று நண்பர்களிடம் சொல்லாதீர்கள். இங்கே பழைய ஜயன்ட்ஸ் வீரர்களின் சிலைகள் பல. மூன்றாவது தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில், 24 பனைமரங்களுக்கு நடுவே நிற்பது வில்லி மேஸ். 24 அவருடைய சட்டை எண். இரண்டாவது தெரு முனையில் இருப்பது ஒர்லாண்டோ செப்பேடா. பாலத்துப் பக்க வாசலில் ஹுவான் மரிஷல். வில்லி மெக்கோவி சிலையோ மைதானத்தை ஒட்டிய கால்வாய்க்கு அந்தக் கரையில் இருக்கிறது. அங்கே போய் நின்றவர் திரும்பிவரப் பாலம் தாண்ட வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். டிக்கெட்டையும் வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது சிக்னல் இழுக்கும்.

அப்புறம், ஸ்வெட்டர். சன்னிவேலில் ஜூலை மதியம் வியர்த்துக் கொட்டும். அன்று இரவே மைதானத்தில் கடல் காற்றும் மூடுபனியும் எலும்பில் இறங்கும். மதுரையிலிருந்து வந்திருந்த என் அப்பாவை அரைக்கைச் சட்டையோடு கூட்டிக்கொண்டு போனேன். ஆறாவது இன்னிங்ஸிலிருந்து அவர் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. இப்போது காருக்குள் எப்போதும் இரண்டு கம்பளிச் சட்டைகள் கிடக்கும். ரயிலடியில் இறங்கும்போது அவற்றை எடுத்துக்கொள்வேன்.

திரும்பும் வழியை யோசிக்காமல் போவதும் பெரிய தவறு. கடைசி அவுட் விழுந்ததும் நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். சுற்றியுள்ள சில தெருக்களை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். வாசலில் நின்று வாடகைக் கார் கூப்பிட்டால் கட்டணமும் ஏறும், வண்டியும் வந்து சேராது. நாலைந்து தெரு தள்ளி நடந்துபோய்க் கூப்பிடுங்கள். லார்க்ஸ்பர் பக்கத்திலிருந்து படகில் வந்தவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க நின்றுவிடாதீர்கள். மைதானத்துப் பின்புறப் படகுத்துறையிலிருந்து ஆட்டம் முடிந்து சற்று நேரத்தில் கிளம்பும் அந்தப் படகை விட்டால் அங்கே அடுத்தது கிடையாது.

கால்ட்ரெயினிலும் பார்ட்டிலும் அன்றைய கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மதியமே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் அந்த நேரம்தான் உங்களை எழுப்பிவிட வேண்டும். எழுந்து வர மனசில்லாத பிள்ளைகள் இருந்தால், வலப்பக்க மதிலுக்கு வெளியே கடலோர நடைபாதையில் வளைவுகள் இருக்கின்றன. அவற்றின் கம்பி வழியாக ஆட்டத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். ரயிலுக்கு இருபது நிமிடம் மிச்சமிருந்தால் நாங்கள் அங்கேதான் நிற்போம்.