பளபளக்காத கறுப்புப் பின்னணி: வீட்டிலேயே செய்வது எப்படி

கறுப்பு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்தால் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான் கிடைக்கும், விளக்கு பக்கவாட்டில் இருந்துவிட்டால் ஒரு மூலை மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். பேப்பர், சாட்டின், ரெக்சின் எதுவும் வேண்டாம். வெல்வெட் வாங்குங்கள். அதன் மேல் நிற்கும் பொடி இழைகளுக்குள் நுழைந்த வெளிச்சம் அங்குமிங்கும் மோதி உள்ளேயே தீர்ந்துவிடும்.

எல்லா வெல்வெட்டும் சரிவராது. மினுமினுக்கும் பாலியஸ்டர் ரகத்தைவிடப் பருத்தி வெல்வெட் நல்லது. வாங்குவதற்கு முன்பே மொபைல் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று இருக்கும் சில துணிகள் கேமராவில் பழுப்பாக விழும். அப்புறம், இழை சாய்ந்திருக்கும் திசையும் முக்கியம். துணியை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பிடித்து, கேமரா இருக்கப்போகும் இடத்திலிருந்து பாருங்கள். எது அதிகக் கறுப்போ அப்படியே மாட்டுங்கள்.

நான்கு மரப்பட்டிகளால் ஒரு சட்டம் போதும். துணியைச் சுற்றிலும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டி, பின்பக்கம் மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஆரம்பித்து மூலைகளை நோக்கி இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். சுருக்கம் இருந்தால் பின்புறமிருந்து ஆவி காட்டுங்கள், முன்பக்கம் இஸ்திரிப்பெட்டி வைத்தால் இழை நசுங்கி அந்த இடம் மட்டும் மின்னும். தூசியைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுக்கலாம் (வெல்வெட் வைத்திருப்பவர்களுக்கு இது ஓயாத வேலை).

சரி, இவ்வளவு செய்தும் பொருளைத் துணியோடு ஒட்டி வைத்தால் பலனில்லை. என்னைக் கேட்டால் துணியைவிட இடைவெளிதான் பெரிய விஷயம். சிறிய விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து பொருள் 1 மீட்டரிலும் துணி 3 மீட்டரிலும் இருந்தால், பொருளில் படுவதில் ஏறக்குறைய 9-ல் ஒரு பங்குதான் துணிக்குப் போகும், அதாவது மூன்று ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலேயே இருட்டு (ஒரு ஸ்டாப் இருட்டு என்றால் வெளிச்சம் பாதியாவது). அறை சிறியதென்றால் விளக்கைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, துணிப் பக்கம் போகும் வெளிச்சத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். ஜன்னலையும் மூடிவிடுங்கள்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் இத்தனை கறுப்பைப் பார்த்ததும் படத்தை வெளுப்பாக்கிவிடும். மேனுவலுக்கு மாறுங்கள், அல்லது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பை) −1-லிருந்து −2 வரை இறக்குங்கள். அதற்குப் பிறகும் துணி லேசாகத் தெரிந்தால் எடிட்டிங்கில், மிக இருண்ட பகுதிகளை மாற்றும் பிளாக்ஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் தலைமுடி கறுப்பாக இருப்பவரின் படமென்றால் முடியும் பின்னணியோடு கலந்துவிடும், பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு வைத்து முடியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டுங்கள்.