கயிறு இல்லாமல் விறகு கட்டச் சொல்லுங்கள்: காடு வெட்டிய காலத்தை முற்றத்தில் படிப்பிப்பது எப்படி

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது எங்கள் வீட்டில் ஆண்டு ஐந்தில் ஒருத்தி, ஆண்டு இரண்டில் ஒருவன். வாட்ஸ்அப்பில் வந்த பாடமெல்லாம் பத்து மணிக்கே முடிந்துவிடும், மிச்சப் பகல் முழுக்கச் சண்டை. நல்லவேளை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து ரெண்டு நாள் நின்றுவிட்டுப் போகலாம் என்று வந்த என் அம்மா, பிள்ளைகளுக்கு அம்மம்மா, ஊரடங்கில் எங்களோடு அகப்பட்டுக்கொண்டார். காடு வெட்டிச் சேனைப் பயிர்ச்செய்கை செய்து, பிறகு அதையே வயலாக்கிய குடும்பத்தில் பிறந்தவர். அவரை வைத்துத்தான், அந்தக் காலத்து வேலைகளைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கும் இதைத் தொடங்கினேன். இப்போதும் ஒவ்வொரு ஆகஸ்ட் லீவிலும் செய்கிறோம்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கார்ட்போர்ட் பெட்டியை வெட்டி, பசை ஒட்டி, மேலே வைக்கோல் தூவி ஒரு "பழைய வீடு" செய்தோம். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, பார்க்கவும் வடிவாக இருந்தது, பிள்ளைகள் அதிலிருந்து ஒன்றுமே படிக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஆர் இருக்கிற?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்தச் சாமானையும் செய்ய வைப்பதற்கு முன், அது இல்லாமல் அந்த வேலையைச் செய்யச் சொல்ல வேண்டும்.

கயிற்றில் தொடங்குங்கள். முற்றத்தில் காய்ந்த சுள்ளிகளைக் குவித்து, கட்ட ஒன்றும் கொடுக்காமல், அடுப்படிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாலு தரம் கொட்டிச் சிந்திய பிறகு அவர்களே கயிறு கேட்பார்கள். அப்போது பொச்சுமட்டையை (தேங்காய் உரித்த மட்டையை) கொடுங்கள். அந்தக் காலத்தில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை, காய்ந்த மட்டையை ஒரு கிழமை வாளியில் ஊறவைத்து மரக்கட்டையால் அடித்தாலே பிள்ளைகளுக்குப் போதுமான தும்பு உரிந்து வரும், நாற்றம் வரும், அதையும் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு புரி எடுத்து, இரண்டையும் ஒரே பக்கமாக முறுக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கம் அவிழப் பார்ப்பதை மறுபக்கம் அவிழவிடாமல் பிடித்துக்கொள்கிறது, கயிறு நிற்பதன் இரகசியம் அவ்வளவுதான். என் மகள் இரண்டையும் ஒரே பக்கமாகவே முறுக்கிவிட்டுக் கையை எடுத்தாள், எல்லாம் பிரிந்துபோனது. அதைத் திருத்தாமல் விட்டேன். மூன்றாம் தரம் தானே கண்டுபிடித்தாள்.

அடுத்தது மண்சுவர். முழு வீடு வேண்டாம், முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் போதும். நாலு கம்பு நட்டு, குறுக்கே வரிச்சுகளை, அதாவது மெல்லிய குச்சிகளை, அவர்கள் திரித்த கயிற்றாலேயே கட்ட வேண்டும் (கயிறு போதாது, திரும்பப் போய்த் திரிக்க வேண்டி வரும், வரட்டும்). மண்ணுக்குள் தண்ணீரும் வெட்டிய வைக்கோலும் போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். புற்றுமண் நன்றாக ஒட்டும், ஆனால் புற்றை வெட்டப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், பாம்பு இருக்கும். எங்கள் முதல் சுவர் மூன்றாம் நாள் உள்ளங்கைக் கோடு மாதிரி வெடித்தது. மகன் அழவே தொடங்கிவிட்டான். அம்மா விரலை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "களி கூடிப்போச்சு மனே, மணல் போடு" என்றார். மணல் கலந்து, நேர்வெயில் படாமல் நிழலில் காயவைத்த இரண்டாவது சுவர் நின்றது. கடைசியில் சாணியால் மெழுகினோம். முகம் சுளித்த மகள்தான் கடைசிவரை கையை எடுக்கவில்லை.

கூரைக்குப் பின்னும் கிடுகு லேசு என்று நினைத்துவிடாதீர்கள். தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, ரெண்டு மூன்று நாள் தண்ணீரில் போட்டால்தான் மடிக்கும்போது ஒடியாது. பின்னுவதை எழுதிக் காட்ட முடியாது, தெரிந்த ஒரு கிழவியைப் பிடியுங்கள். சிரட்டை அகப்பையும் செய்யலாம். முதலில் அகப்பை இல்லாமல் சூடான குரக்கன் கஞ்சியைக் கிண்டி ஊற்றச் சொல்லிவிட்டு (அடுப்பை அணைத்த பிறகு, நீங்கள் பக்கத்தில் நின்று), பிறகு சிரட்டையை மண்கடதாசியால் தேய்க்கக் கொடுங்கள். பிடி கோக்கும் இரண்டு துளைகளையும் பெரியவர்கள் போடுவது நல்லது.

கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் கதை காதில் ஏறும். தனியாக இருத்திச் சரித்திரம் சொன்னால் கொட்டாவிதான் வரும். தும்பு அடிக்கும்போது, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் காட்டுக்குள் ஏன் முன்பே பெருந்தொகையாக ஆட்கள் வரவில்லை என்று கேளுங்கள். யானை என்பார்கள். யானையைவிடப் பெரிய காரணம் நுளம்பு. 1934, 35இல் மலேரியா இலங்கையில் ஆட்களை வாரிக்கொண்டு போனது, 1940களின் நடுவில் டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் உலர்வலயத்தில் பெரிய குடியேற்றங்கள் வேகம் பிடித்தன. 1949இல் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் தொடங்கியது, இங்கினியாகலையில் அணை கட்டினார்கள், சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் வந்தது. அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 1961இல்தான் தனி மாவட்டமானது. அப்புறம் ஒன்று: வந்தவர்கள் வெறுங்காட்டுக்குள் வரவில்லை, ஆதிக்குடிகளான வேடர்கள் அங்கே முன்னமே இருந்தார்கள். எந்தக் காணி யாருக்குப் போனது என்பது இன்றும் ஆறாத பேச்சு. பெரிய பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள்.

வழியையும் சொல்லுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் பாதையில்தான் ஏற வேண்டும். "பாதை" என்றால் ரோடு என்று நினைத்த என் மகனுக்கு, அது ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதக்கும் மிதவை என்று சொன்னதும் நம்பிக்கையே வரவில்லை. குறுமண்வெளிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டத்தான் நினைத்திருக்கிறேன்.

ஒரு இரவை இதற்கென்றே ஒதுக்குங்கள். கரண்டை அணைத்து, போனை எல்லாம் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒரு விளக்கோடு முற்றத்தில் இருங்கள். வயல் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் தூங்காமல் இருக்க என்ன செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். என் மகன் பாடுவார்கள் என்றான், அம்மா உடனே பாடத் தொடங்கிவிட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் கூரை பறந்த கதையும் அந்த இருட்டில்தான் வந்தது. நானே அதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆகஸ்டில் தொடங்கச் சொல்வது மண் காய்வதற்காகத்தான். டிசம்பர் லீவுதான் கிடைக்கிறது என்றால் சுவரை விட்டுவிட்டுக் கிடுகை மட்டும் பின்னுங்கள், நாலு கம்பு நட்டுக் கூரையாகப் போட்டு, மாரி மழை பெய்யும்போது பிள்ளைகளை அதன் கீழே இருத்தி, எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எங்களுடையதில் பதினொரு இடம்.