பெட்டிக்கடையில கிடைக்கறத ஏன் சுமக்கணும்? செல்ஃப் சப்போர்ட்டட் சைக்கிள் ரேஸுக்கு பை கட்டறது எப்படி

வெளி உதவி இல்லாம, வேண்டியத எல்லாம் நாமளே வண்டில சுமந்துட்டு ஓட்டற ரேஸ் தான் செல்ஃப் சப்போர்ட்டட் ரேஸ். அதுக்கு பை கட்ட, முதல்ல அடுப்பங்கரைல மாவு நிறுக்கற டிஜிட்டல் தராசு இருக்கும்ல, அத எடுத்துட்டு வாங்க. கொண்டு போகலாம்னு நினைக்கற ஒவ்வொண்ணையும் நிறுத்து பேப்பர்ல எழுதுங்க. கம்பெனிக்காரன் பெட்டில போட்ட எடைய நம்பாதீங்க, ஸ்ட்ராப்பும் ஸ்க்ரூவும் இல்லாம நிறுத்திருப்பான். எங்க வீட்ல தராசு மேல செயின் கிரீஸ் ஒட்டி அம்மாகிட்ட வாங்கிக்கட்டிக்கிட்டேன், அதனால அடியில ஒரு பேப்பர் போட்டுக்கோங்க.

எடைய குறைச்சா எவ்ளோ லாபம்னு ஒரு கணக்கு போடலாம். நீங்க, வண்டி, பை, தண்ணி எல்லாம் சேர்ந்து 90 கிலோன்னா அதுல ஒரு கிலோ சுமாரா ஒரு சதவீதம். நம்ம பெங்களூர் ஆளுங்க எல்லாரும் விடிகாலைல போய் ஏர்ற நந்தி ஹில்ஸ் ஏத்தம் உங்களுக்கு 40 நிமிஷம் ஆகுதுன்னா, ஒரு கிலோ குறைச்சதுக்கு கிடைக்கறது அரை நிமிஷம் கூட கிடையாது. ஹொசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் போற மாதிரி ரோட்ல அதுகூட தெரியாது, அங்க காத்து தான் எதிரி. அப்புறம் எதுக்கு இந்த பாடுன்னு கேட்டா, பை பெருசானா காத்த புடிக்கும், எழுந்து நின்னு மிதிக்கறப்ப சீட்டுக்கு பின்னாடி தொங்கற சேடில் பேக் வால் மாதிரி ஆடும், எல்லாத்துக்கும் மேல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கிளவுஸ தேட பைய மொத்தமா ரோட்டோரத்துல கொட்டணும். அந்த பத்து நிமிஷம் தான் போற நேரம். அதனால 20 கிராம் கம்மின்னு 4000 ரூபா குடுத்து தண்ணி பாட்டில் சொருகற கார்பன் கேஜ் வாங்கறத விட, தேவையில்லாத ரெண்டு சாமான வீட்ல வெச்சுட்டு போறது எவ்வளவோ மேல்.

ரூல் என்னன்னா, இந்த மாதிரி ரேஸ்ல பின்னாடி கார் வராது, ஃப்ரெண்டு வழியில வந்து வாழைப்பழம் குடுக்கக்கூடாது, ஆனா எல்லாருக்கும் தொறந்திருக்கற கடை, லாட்ஜ், மெக்கானிக் எத வேணா காசு குடுத்து யூஸ் பண்ணலாம். 2013ல ஆரம்பிச்ச ட்ரான்ஸ்கான்டினென்டல் ரேஸும் இப்படித்தான், ஐரோப்பா குறுக்க சுமாரா 4000 கிலோமீட்டர். 2019ல ஃபியோனா கோல்பிங்கர்ங்கற பொண்ணு ஆம்பளைங்க எல்லாரையும் பின்னாடி விட்டு அத ஜெயிச்சதும் இந்த ரூல்ல தான். அதனால ஒவ்வொரு சாமானையும் கையில எடுத்து ஒரே கேள்வி கேளுங்க: இது வழியில கிடைக்குமா, அதுவும் நமக்கு தேவைப்படற நேரத்துல கிடைக்குமா?

இந்த கேள்விய கேட்டா பாதி பை காலியாயிடும். சோப்பு, பேஸ்ட், கடலை மிட்டாய், ஓஆர்எஸ், பாரசிட்டமால் எல்லாம் எந்த ஊர்லயும் இருக்கு. தண்ணி தான் பையிலயே பெரிய எடை, அத யாரும் கணக்குல சேர்க்கறதில்ல, லிட்டருக்கு ஒரு கிலோ. ஹைவேல கூப்பிடு தூரத்துல கடை இருக்கறப்ப ரெண்டு பாட்டிலும் ரொப்பிட்டு மிதிக்கறது வீண், கடையே இல்லாத காட்டு ரோடு வந்தா மட்டும் ரெண்டையும் ரொப்புங்க. ராத்திரி 11ல இருந்து காலைல 5 வரைக்கும் நிறைய இடத்துல கடை சாத்திருப்பான், அந்த ஆறு மணி நேரத்துக்கு சாப்பாடு கையில இருக்கணும், அதுக்கு மேல வேண்டாம்.

எந்த கடையிலயும் கிடைக்காத சாமான் தான் உண்மையில கொண்டு போக வேண்டியது. இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவை முல்பாகல் பக்கம் வண்டி வலது பக்கமா சாஞ்சு விழுந்து டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின்னாடி கியர் மாத்தற டீரெய்லர ஃப்ரேமோட சேர்த்து புடிக்கற சின்ன துண்டு, ஒடஞ்சுது. பையில ரெண்டு எக்ஸ்ட்ரா ஜெர்சி இருந்துச்சு, ஹேங்கர் இல்ல. அது வண்டிக்கு வண்டி வேற டிசைன், பெங்களூர்லயே ஆர்டர் போட்டு தான் வாங்கணும், முல்பாகல்ல யார்கிட்ட கேக்கறது. செயின் கட்டர் இருந்ததால டீரெய்லர கழட்டி செயின சுருக்கி ஒரே கியர்ல, மேடு வந்தா இறங்கி தள்ளி, கோலார் வரைக்கும் வந்து பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து தராசுல புது ஹேங்கர வெச்சா 19 கிராம்!

அதனால ஸ்பேர் ஹேங்கர், அறுந்த செயின சேர்க்கற குயிக் லிங்க் ரெண்டு (உங்க வண்டில பின்னாடி எத்தன கியரோ அதுக்கு பொருந்தறது), செயின் கட்டர் இருக்கற மல்டி டூல், ப்ரெஸ்டாங்கற ஒல்லி வால்வ் வெச்ச டியூப் ரெண்டு. டியூப்ல டிபியூங்கற மெல்லிசு பிளாஸ்டிக் டியூப் வாங்கினா சாதா டியூப்ல பாதி எடை கூட இருக்காது, கைக்குள்ள அடங்கிடும், இதுக்கு காசு செலவு பண்றதுல தப்பில்ல. கூடவே ப்ரெஸ்டாவ பைக், கார் டயர்ல இருக்கற ஸ்க்ரேடர் வால்வா மாத்தற குட்டி பித்தளை அடாப்டர் ஒண்ணு, சில கிராம் தான், வால்வ்லயே மாட்டி வெச்சுக்கலாம். அது இருந்தா எந்த லாரி பஞ்சர் கடையிலயும் காத்து அடிக்கலாம், ஆனா அண்ணன்கிட்ட மெதுவா விடச்சொல்லுங்க, லாரி டயர் நினைப்புல அடிச்சார்னா நம்ம டயர் டமார்னு போயிடும். மினி பம்ப் எப்படியும் வேணும், சிஓடூ சிலிண்டர் ஒரு தடவையோட தீர்ந்துடும். டயர் சைடு கிழிஞ்சா உள்ள வெக்க நந்தினி பால் கவர கழுவி நாலா மடிச்சு எடுத்துட்டு போறேன், எடையே இல்ல, பார்டர் தாண்டினா ஆவின் கவர்.

கரண்ட் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. 10,000 எம்ஏஎச்னு போட்ட பவர் பேங்க் 5000 எம்ஏஎச் போன ரெண்டு தடவை ஃபுல்லா ஏத்தாது, வோல்டேஜ் மாத்தறதுல போக பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெபாசிட்டின்னு 6000 சொச்சம் போட்டிருக்கும், அத வெச்சு கணக்கு போடுங்க. மூணு நாளைக்குள்ள முடியற ரேஸ்னா ஒரு பவர் பேங்கும் ரெண்டு போர்ட் ஃபாஸ்ட் சார்ஜரும் போதும், தாபால பிளக் பக்கத்து டேபிளா பாத்து உக்காருங்க. ஒரு வாரத்துக்கு மேலன்னா சக்கரம் சுத்தறப்ப கரண்ட் குடுக்கற டைனமோ ஹப் யோசிக்கலாம், ஆனா மெதுவா ஏத்தம் ஏர்றப்ப அது பெருசா சார்ஜ் குடுக்காது. லைட்ல மட்டும் கிராம் பாக்காதீங்க. பேட்டரி கழட்டி மாத்தற லைட் வாங்குங்க, பின்னாடி ரெண்டு சிவப்பு லைட் கட்டாயம், லாரிக்காரர் கண்ணுல நாம படணும்.

துணிக்கு வர்றேன். போட்டிருக்கறது ஒண்ணு, ரேஸ் மூணு நாளுக்கு மேலன்னா பேட் வெச்ச பிப் ஷார்ட்ஸ் மட்டும் இன்னொண்ணு, அழுக்கு ஷார்ட்ஸோட ரெண்டு நாள் உக்காந்தா புண்ணு தான் பேசும். பெங்களூர் ஆளுங்க குளிரெல்லாம் நமக்கு சாதாரணம்னு கெளம்பிடுவாங்க, ஆனா 2200 மீட்டர்ல இருக்கற ஊட்டில வேர்த்த ஜெர்சியோட இறங்கினா பல்லு தந்தியடிக்கும். கைக்குள்ள மடிக்கற விண்ட் ஜாக்கெட்டும் இறகு அடைச்ச மெல்லிசான டவுன் ஜாக்கெட்டும் போதும். அதுவும் பத்தலன்னா டீக்கடைல பழைய தினத்தந்தி வாங்கி ஜெர்சிக்குள்ள நெஞ்சுல சொருகிட்டு இறங்குங்க, சைக்கிள்காரங்க காலங்காலமா பண்றது தான். தூங்கறதுக்கு நான் ஃபாயில் பிவி (உள்ள நுழைஞ்சு படுக்கற பளபள ஃபாயில் பை) எடுத்துட்டு போனேன், மொறமொறன்னு சத்தம், உள்ள பூரா வேர்வை. இப்ப அத அவசரத்துக்குன்னு மட்டும் அடியில வெச்சிருக்கேன், பஸ் ஸ்டாண்ட்ல படுக்கறதுக்கு ஜாக்கெட்டும் சின்ன ஓடோமாஸும் போதும்.

பைல அடுக்கறப்ப டூல், பவர் பேங்க் மாதிரி கனமானது ஃப்ரேம் நடுவுல மாட்டற ஃப்ரேம் பேக்ல, துணி சேடில் பேக்ல, அடிக்கடி வேணுங்கறது ஃப்ரேமோட மேல் பார்ல மாட்டற டாப் டியூப் பேக்ல. வாட்டர்ப்ரூஃப் பைக்கு காசில்லன்னா உள்ள கருப்பு குப்பை கவர் போடுங்க, அதே வேலைய செய்யும்.

எல்லாம் கட்டி முடிச்சதும் அதே பையோட ஒரு 300 இல்லன்னா 600 கிலோமீட்டர் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நீண்ட தூர ரைடு) போயிட்டு வாங்க, 600க்கு 40 மணி நேரம் டைம், ஒரு ராத்திரி கட்டாயம் ரோட்ல போகும். வந்ததும் தூங்கறதுக்கு முன்னாடி பைய கொட்டி, தொடவே தொடாத சாமான தனியா ஒதுக்குங்க. ரிப்பேர் சாமானையும் மருந்தையும் மட்டும் திரும்ப உள்ள போடுங்க. மீதிய தராசுல வெச்சு பாருங்க, எனக்கு போன தடவை ஒண்ணே கால் கிலோ வந்துச்சு, அதுல ஒரு ஜீன்ஸ் வேற.