ஆண்டுக்கணக்கில் துப்புக் கிடைக்காத காணாமற்போனோர் வழக்கு: குடும்பத்தார் செய்ய வேண்டியவை

ஒருவர் காணாமற்போய்ப் பல ஆண்டுகள் கடந்த பிறகு, ஊர் ஊராக அலைந்து தேடுவதைக் காட்டிலும் அவரைப் பற்றிய கோப்பைச் செம்மைப்படுத்துவதே பெரும்பாலும் பயன் தரும். அடையாளம் தெரியாத உடலாகவோ, தன் பெயரைச் சொல்ல இயலாத நோயாளியாகவோ அவர் எங்கோ ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். அந்தப் பதிவும் நீங்கள் கொடுத்த புகாரும் வெவ்வேறு அலுவலகங்களில், ஒன்றையொன்று அறியாமல் கிடக்கலாம்.

முதலில், புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறதா என்பதைக் காவல்துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். புகார் எண், பதிவான தேதி, இப்போது பொறுப்பிலுள்ள அதிகாரி, விவரங்கள் எந்தெந்தத் தரவுத்தளங்களில் ஏற்றப்பட்டுள்ளன என்ற நான்கிற்கும் எழுத்திலேயே பதில் கேட்பது நல்லது. அதிகாரிகள் மாறுவார்கள், வாய்ச்சொல்லாகக் கிடைத்த உறுதிகளும் அவர்களுடனேயே போய்விடும்.

அடுத்து, கடைசி நாட்களின் கால வரிசையை எழுதுங்கள். நேரில் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, நாமாக ஊகித்தது என்று மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதாவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல ஊகங்களே உண்மைகள் போல உறைந்துவிடும். கடைசியாகப் பார்த்ததாகச் சொல்பவரின் கூற்றைக் குறிப்பாகச் சோதிக்க வேண்டும். அது அந்த நாள்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சம்பளம் வாங்கிய நாள், மருத்துவமனைச் சீட்டு, பேருந்துப் பயணச்சீட்டு போன்ற ஏதேனும் ஒன்றோடு அந்த நினைவு பிணைந்திருக்கிறதா? அந்த நாள் ஒன்று பிசகினாலும், தேடிய இடங்களும் சந்தேகித்த ஆட்களும் சேர்ந்தே பிசகிவிடுகின்றன. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடுவதால், இத்தனை காலம் கழித்து அவற்றை நம்பிப் பயனில்லை. வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு, மருத்துவப் பதிவுகள், பழைய கடிதங்கள் ஆகியவை நீடிக்கக்கூடியவை. அவருடைய பழைய கைப்பேசி வீட்டில் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள்.

உடல்களை அடையாளம் காண்பதில் சர்வதேசக் காவல்துறை அமைப்பான இன்டர்போல் முதன்மையாகக் கொள்பவை மூன்று: கைரேகை, பற்களின் அமைப்பு, டிஎன்ஏ. பல் மருத்துவர்கள் பழைய பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை என்பதால், எக்ஸ்ரே ஏதேனும் இருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள். அது இல்லாவிடில், அவர் பற்கள் தெரியச் சிரிக்கும் தெளிவான படம் ஓரளவு உதவும். 'நடுத்தர உயரம், மாநிறம்' என்ற வருணனை எத்தனையோ பேருக்குப் பொருந்தும். எலும்பு முறிந்து கூடிய இடம், அறுவை சிகிச்சைத் தழும்பு, உடலில் பொருத்திய உலோகத் தகடு, பச்சை குத்திய உருவம், காலணியின் அளவு என்று எழுதினால்தான் ஒப்பிடுபவருக்குப் பிடி கிடைக்கும்.

டிஎன்ஏ மாதிரி கொடுப்பதில் பல குடும்பங்கள் தயங்குகின்றன. 'அவன் உயிரோடு இல்லை என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமா?' என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. ஆனால், நினைவிழந்து ஒரு காப்பகத்தில் இருப்பவரை இன்னார் என்று நிறுவவும் அதே மாதிரிதான் பயன்படும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். பெற்றோரும் பிள்ளைகளும் கொடுப்பதே சிறந்தது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய் வழியாக மட்டுமே வருவதால், அவர்கள் இல்லாதபோது ஒரே தாய் வயிற்று உடன்பிறந்தோரும் தாய்மாமனும்கூட உதவ முடியும். முதியவர்களின் மாதிரியை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. காணாமற்போனவர் பயன்படுத்திய பல் துலக்கியோ சீப்போ இருந்தால் கழுவாமல், பிளாஸ்டிக் பையில் அன்றிக் காகித உறையில் வையுங்கள்; பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி மாதிரி கெடும்.

எல்லை கடந்து போயிருக்க வாய்ப்புண்டு எனில், காணாமற்போனவரைத் தேடிப் பல நாட்டுக் காவல்துறைகளுக்கும் அனுப்பப்படும் இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பைக் கோரும்படி உங்கள் நாட்டுக் காவல்துறையை வேண்டுங்கள். குடும்பத்தார் நேரடியாகக் கோர முடியாது. உறவினர்களின் டிஎன்ஏவைப் பல நாடுகளின் அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிடும் ஐ-ஃபமிலியா என்ற தரவுத்தளத்தை இன்டர்போல் 2021-இல் தொடங்கியது. மாதிரி உள்நாட்டில் மட்டும் ஒப்பிடப்பட்டதா, அங்கும் அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். போர் அல்லது இடப்பெயர்வில் பிரிந்தவராயின், செஞ்சிலுவை இயக்கத்தின் தேடும் பிரிவை நாடலாம்.

விளம்பரம் செய்யும்போது சொந்தத் தொலைபேசி எண்ணைத் தவிர்த்து, காவல்துறை எண்ணையே கொடுங்கள். பணம் கொடுத்தால் இருப்பிடம் சொல்கிறேன் என்பவர்கள் கட்டாயம் வருவார்கள். ஆகவே அவரும் வீட்டாரும் மட்டும் அறிந்த ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்திருந்து, அதைக் கொண்டு சோதியுங்கள். சந்தேகப்படுபவரின் பெயரைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். அது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடுவதோடு, உண்மையான சாட்சியின் நினைவையும் கலைத்துவிடும்.

பல நாடுகளின் சட்டம் 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராக அனுமானிக்க இடமளிக்கிறது. சொத்து, காப்பீடு, மறுமணம் ஆகியவற்றுக்காக அத்தகைய ஆணை பெற்றாலும், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அது விடையாகாது. விசாரணையைத் தொடரவும், டிஎன்ஏ மாதிரியைத் தரவுத்தளத்திலேயே வைத்திருக்கவும் அப்போதே தனியாக எழுதிக் கேளுங்கள்.

இறுதியாக, தொடர்புக்கு உரியவராகக் குடும்பத்தில் இளையவர் ஒருவரின் பெயரையும் கோப்பில் சேர்த்து, முகவரி மாறும்போதெல்லாம் தெரிவியுங்கள். அவருடைய விவரங்களோடு பொருந்தும் பதிவு 20 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கலாம். அன்று காவல்துறை அழைக்கும் எண்ணை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும்.